இது யாரு கை?

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, முறத்தை முன்னால் வைத்து, வலது கையால் மட்டும் கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

முருங்கைக்கீரையை ஒரு கையால் ஆய முடியாது. காம்பை ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொரு கை உருவ வேண்டும். பிடிக்க ஆளில்லாத காம்பு முறத்தில் உருண்டு உருண்டு ஓடியது. அம்மா விடாமல் அதைத் துரத்திக்கொண்டிருந்தாள். நான் லேப்புக்குப் போகத் தலை வாரிக்கொண்டே அதைப் பார்த்தேன்.

"இன்னாம்மா, ஒத்தக் கையில வித்த காட்டற?" என்றேன்.

அம்மா குனிந்து தன் மடியைப் பார்த்தாள். இடது கை அங்கே உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது. பச்சைக் கண்ணாடி வளையல், அதற்கு மேலே மஞ்சள் வெளுத்துப்போன காப்புக் கயிறு. கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"இது யாரு கைடி?"

நான் சிரித்துவிட்டேன். எங்கள் அம்மா கிண்டலுக்குப் பேர்போனவள். உன் கைதான், வேறு யார் கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாய் என்று நானும் பதிலுக்குக் கேட்டேன்.

"எங்கை இல்ல. யாரோ வெச்சிட்டுப் பூட்டாங்க. எட்த்து அப்பால வையி."

அந்தக் குரலில் கிண்டல் இல்லை. ஒரு அந்நியரின் பொருளைத் தொடக் கூச்சப்படுகிற குரல் அது. நான் சீப்பைக் கீழே போடுவதற்குள் அந்தக் கை தானாகவே துடிக்கத் தொடங்கியது. வளையல்கள் ஒன்றோடொன்று மோதி 'கிணுகிணு'வென்று சத்தம் போட்டன. அம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. முறம் கவிழ்ந்து, ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் படியெல்லாம் சிதறின.

இன்றைக்கும் கண்ணாடி வளையல் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு முருங்கைக்கீரை வாசனை வருகிறது.

எனக்காக நேர்ந்த தீ

என் லேப் வேலையைப் பற்றிப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். நிலக்கரியைப் பொடித்து, அடுப்பில் வைத்து, அதில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்க்கிற வேலை. "ரொம்பப் பெருமை அடித்துக்கொள்கிறாய்" என்று தோழி ஒருத்தி சொன்னாள். அடித்துக்கொள்ளத்தான் செய்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்ளே உட்கார்ந்த முதல் ஆள் நான். அதற்கு முன் போனவர்கள் எல்லாம் கட்டடத்துக்கு மண் சுமக்கப் போனவர்கள்.

அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வு அன்று, நான் உள்ளே ஈரப்பதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா வெளியே மாரியம்மனிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வேலை கிடைத்தால் மூன்று வருஷம் தீ மிதிக்கிறேன் என்று வேண்டுதல். எனக்கு வேலை கிடைத்தது. என் படிப்பால் கிடைத்தது என்று நான் சொல்வேன். ஆத்தா கொடுத்தது என்று அம்மா சொல்வாள். இந்த வழக்கு இன்னும் எங்கள் வீட்டில் நிலுவையில் இருக்கிறது.

அம்மா பிறந்த ஊர் குள்ளஞ்சாவடி பக்கம். அங்கேதான் சித்திரையில் தீமிதி. அம்மாவின் தம்பி தனவேலு மாமா விழாக் குழுவில் முக்கியமான ஆள். மாமாவுக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், பைக் எல்லாம் உண்டு. அப்பா அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்குக் குழாய் மாட்டுகிற கேங்கில் இருக்கிறார். இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாதது. ஆனால் மாமா வந்தால் நாற்காலி மாமாவுக்கு, பாய் அப்பாவுக்கு.

காப்புக் கட்டிவிட்டால் அம்மா அடுத்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அவள் வேலை பார்ப்பதோ அடுத்தவர் வீடுகளில். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கிப் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடிப்பாள். அதுவும் ஒரு சொம்பு. தீமிதி அன்றைக்கு அதுவும் இல்லை.

சித்திரை வெயிலில் நெய்வேலி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் ஒரு அடுப்பின் பக்கத்தில் இன்னொரு அடுப்பை வைத்து நடுவில் நின்று பார்க்கலாம்.

அந்த வருஷம் ஊரில் ஒரு சாவு விழுந்து தீமிதி தள்ளிப் போனது. விரதமும் கூடவே நீண்டது. ஒருவழியாக நாள் வந்தது. மஞ்சள் புடவையோடு, வேப்பிலைக் கொத்தோடு, அம்மா குண்டத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினாள். ஏறியவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "ஒண்ணு முடிஞ்சிச்சி. இன்னும் ரெண்டு பாக்கி" என்று சிரித்தாள்.

மறுநாளே தலைவலி ஆரம்பித்தது.

தலையைத் தூக்க முடியவில்லை, வாந்தி. ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சாமி ஏறிய தலை, கொஞ்ச நாள் கனக்கத்தான் செய்யும். அம்மாவும் அதை ஒரு மரியாதை போல வாங்கிக்கொண்டாள். தைலம் தேய்த்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். வலி குறைந்ததா என்று கேட்டால், ஆத்தா இன்னும் இறங்கவில்லை என்பாள். அப்படி நாலைந்து நாள் போனது.

அப்புறம்தான் அந்த முருங்கைக்கீரை.

அரிதான காரணங்கள்

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள், மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் அம்மாவின் வலது கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது கை சீட்டிலிருந்து நழுவி நழுவித் தொங்கியது. நான் அதை எடுத்து எடுத்து அவள் வயிற்றில் வைத்துக்கொண்டே போனேன்.

அங்கே இருந்த நரம்பியல் டாக்டர் மெலிந்த மனிதர். சட்டைப் பையில் மை கசிந்த கறை இருந்தது. அவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். அப்பா, மாமா, நான்.

மூளையில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் ரத்தக் கொதிப்புதானாம். ஆனால் அம்மாவுக்குக் கொதிப்பு இல்லை. வயதும் நாற்பதை ஒட்டித்தான். கசிந்த இடமும் கொதிப்புக்காரர்களுக்குக் கசிகிற இடம் இல்லை. அதனால் அரிதான காரணங்களைத் தேட வேண்டும் என்றார். எதை முதலில் தேடுவது என்று தெரிந்தால் நேரம் மிச்சம். இங்கே நேரம்தான் மூளை என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். முந்திரிக்காட்டுக்குப் போனாரா, பாம்பு ஏதாவது தீண்டியிருக்குமா. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்து மூளையிலும் கசிய வைக்குமாம். இல்லை என்றார் அப்பா. வீட்டில் எலி மருந்து உண்டா, அது பட்ட எதையாவது தெரியாமல் சாப்பிட்டிருப்பாரா. எங்கள் வீட்டு எலி, மருந்துக்கெல்லாம் மசிகிற எலி இல்லை, நாங்கள் பூனைதான் வளர்க்கிறோம். சின்ன வயதிலிருந்து காயம் பட்டால் ரத்தம் நிற்காமல் போகுமா. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா. பிறவியிலேயே சிலருக்கு மூளைக்குள் ரத்தக் குழாய்கள் நூல்கண்டு சிக்கியதுபோல இருக்கும், என்றைக்காவது ஒருநாள் அது விட்டுக்கொள்ளும் என்றார். சாராயம் உண்டா என்று கேட்டபோது மாமா கொஞ்சம் நெளிந்தார். அம்மாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும் நிமிர்ந்துகொண்டார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?"

அப்பா இல்லீங்க என்றார். மாமா ஒருபடி மேலே போனார். "எங்கக்கா ஒரு தலவலி மாத்திரகூடப் போட மாட்டா சார். எல்லாம் கைவைத்தியந்தான்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். கேட்கும்போது கொஞ்சம் தயங்கினார். ஆனாலும் கேட்டார்.

"கடைசியா எப்பத் தலைக்குக் குளிச்சாங்க?"

எதைக் கேட்கிறார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாமா செல்போனை எடுத்துப் பார்த்தார். அப்பா திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் கைகழுவும் முறை பற்றி ஒரு அட்டை மாட்டியிருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த அட்டையை வரி வரியாகப் படித்தார்.

ஒரே அறை வீடு

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். இது தெரியாவிட்டால் அடுத்தது புரியாது.

எங்கள் வீடு ஒரே அறை. நடுவில் ஒரு கொடிக்கயிறு, அதில் ஒரு பழைய புடவை. அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் நானும் அம்மாவும். இப்படிப்பட்ட வீட்டில் பெண்களுக்குள் ரகசியம் இருக்க இடம் கிடையாது. நான் வயதுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே எனக்கும் அம்மாவுக்கும் தேதி அடுத்தடுத்து வர ஆரம்பித்துவிட்டது. எனக்கு வந்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவளுக்கு. "நீ முன்னாடி போயி எடம் புடி, நான் பின்னாடி வரேன்" என்பாள். அந்த நாட்களில் அவள் சாமி படத்தின் பக்கம் போக மாட்டாள். விளக்கை அப்பா ஏற்றுவார். ஏன் என்று அப்பா கேட்க மாட்டார், அம்மா சொல்ல மாட்டாள். தீப்பெட்டியை எடுத்து அவர் பக்கம் தள்ளிவைப்பாள், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் அதற்கென்று இருந்த ஒரே பாஷை அந்தத் தீப்பெட்டி.

டாக்டர் கேட்டதும் எனக்குள் அந்தத் தீப்பெட்டிதான் முதலில் வந்தது.

காப்புக் கட்டியதிலிருந்து அது நகரவே இல்லை.

எனக்கு விரதத்தின் நடுவில் வந்து போயிருந்தது. கோயிலுக்கு வராதே என்று என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். என் பின்னாலேயே வர வேண்டியவள் வரவில்லை. தீமிதி தள்ளிப் போன பிறகும் வரவில்லை. தினமும் விளக்கை அவளேதான் ஏற்றினாள். வயதாகிறது, நின்றுகொண்டு வருகிறதுபோல என்று நான் நினைத்துக்கொண்டேன். நேர்ந்துகொண்டவளுக்கு நடுவில் தேதி வந்தால் தீமிதி கிடையாது. எனக்காக நேர்ந்ததை அவள் அப்படி விடுவாளா?

தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வரவில்லை.

தனிம அட்டவணையை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் சொல்லத் தெரிந்தவள் நான். மேடையில் ஏறி ஆங்கிலத்தில் பேசிப் பரிசு வாங்கியவள். அப்பாவும் மாமாவும் நிற்கிற ஓர் அறையில், முன்பின் தெரியாத ஓர் ஆணிடம், என் அம்மாவுக்கு மாதவிலக்கு வரவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர்களை வெளியே போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். அப்படிச் சொன்னாலும் அது அதைச் சொன்ன மாதிரிதான். மேஜை மேல் அம்மாவின் வளையல்களைக் கழற்றி ஒரு பொட்டலமாக வைத்திருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மாவுக்கு இந்த மாசம் வரல சார். வராம இருக்க மாத்திர போட்டிருப்பாங்க. தீமிதிக்காக."

மாமாவின் செல்போன் திரை அணைந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கைகழுவும் அட்டையை இரண்டாவது முறையாகப் படிக்கத் தொடங்கினார். டாக்டர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்து வீட்டு ராணி அக்கா. அங்கேயே போன் போட்டேன். அக்கா முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அம்மா பேச முடியாமல் கிடக்கிறாள், நீயாவது பேசு என்று சொன்னதும் உடைந்தாள்.

"ஊரே போடுதுடி பாப்பா. நானுந்தான் போட்டேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே. காப்புக் கட்டறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிச்சி. நடுவுல சாவு விழுந்து தள்ளிப் பூடிச்சி இல்ல, அதான் இன்னோர் அட்ட வாங்கியாந்து குடுத்தேன். எங்க வந்துடுமோன்னு பயந்துகினு ஒண்ணுக்கு ரெண்டா முழுங்கிச்சி."

மருந்துக்கடையில் யாரும் எதற்கென்று கேட்கவில்லையாம். கோயில் சீசனில் யாரும் கேட்பதில்லை.

டாக்டர் எழுந்துவிட்டார். தமனிகளைப் பார்க்கத்தான் முதலில் சொல்வதாக இருந்தேன், இப்போது சிரைகளைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

கீழே இருக்கும் தண்ணீர்

படம் வந்தது. அவர் நினைத்தபடியே இருந்தது.

மூளைக்கு ரத்தம் ஏறும் குழாய் வேறு, இறங்கும் குழாய் வேறு. அம்மாவுக்குத் தலையின் உச்சியில் இறங்குகிற பெரிய குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஏறிய ரத்தம் இறங்க வழியில்லாமல் தேங்கி, அழுத்தம் தாங்காமல் ஓரத்தில் பொத்துக்கொண்டு கசிந்திருந்தது. மாத்திரை மட்டும் இதைச் செய்துவிடாது என்றார் டாக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள் போடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தது. வெயிலில் உழைத்துக்கொண்டு தண்ணீரும் குடிக்கவில்லை. ரத்தம் குழம்பாகிவிட்டது. அதோடு இரட்டிப்பாக இந்த மாத்திரை. எல்லாம் ஒன்றுகூடி வந்தால் எப்போதாவது ஒருவருக்கு இப்படி.

இதற்கு ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற ஊசி போட வேண்டும் என்றார்.

மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். தலைக்குள் ரத்தம் கசிகிறது என்கிறீர்கள், உறையவிடாத ஊசி போட்டால் இன்னும் கசியாதா, இது என்ன கூத்து என்று கேட்டார். அக்காவை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அப்பாவிடம் சொன்னார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. டாக்டரும் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. போடாமல் இருப்பதில்தான் அதிக ஆபத்து என்றார். முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார்.

மாமா சொன்னால் அப்பா மறுத்துப் பழக்கமில்லை. பர்மனென்ட் பேச்சுக்கு கான்ட்ராக்ட் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

எங்கள் ஊர் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. சும்மா இருக்கிற தண்ணீர் இல்லை, மேலே முட்டிக்கொண்டிருக்கிற தண்ணீர். பகலும் இரவும் பம்பு அதை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் மேலே மிஷின் ஓடுகிறது, லாரி ஓடுகிறது, எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பம்புக் கதை கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மற்ற பிள்ளைகளுக்கு அப்பா ராஜா கதை சொன்னால், எங்கப்பா மோட்டார் நின்றுபோன கதை சொல்வார். அது அப்போது சட்டென்று கைகொடுத்தது.

"மாமா, பம்பு நின்னு பூடிச்சி. தரயப் பொத்துகினு தண்ணி பொங்குது. நீ பொத்தல அடைப்பியா, பம்ப ஓட்டுவியா?"

மாமா யோசித்தார். பதில் சொன்னது அப்பா. சுவரைவிட்டுத் திரும்பி, அன்றைக்கு முதல்முறையாக டாக்டரை நேராகப் பார்த்தார்.

"பம்பத்தான் ஓட்டணும். பொத்தல அடைச்சா பக்கத்துல பொத்துக்கும். நீங்க ஊசி போடுங்க சார்."

சொன்ன பேச்சு கேட்கும் கை

அடுத்து வந்த நாட்களை நான் அதிகம் விவரிக்கப் போவதில்லை. வராந்தாவில் பினாயில் வாசனை, இட்லிப் பொட்டலத்தின் வாழையிலை வாசனை, கண்ணாடிக் கதவு திறக்கும்போது முகத்தில் அடிக்கிற ஏ.சி. குளிர். ஒவ்வொரு முறை நர்ஸ் வெளியே வரும்போதும் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நிற்போம். அவர் வேறு யாரையாவது கூப்பிட்டுவிட்டுப் போவார். நாங்கள் உட்காருவோம்.

கசிவு கூடவில்லை. பிறகு வலிப்பு நின்றது. பிறகு தலைவலி விட்டது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அம்மா சொல்லவில்லை, அதை மாமாதான் சொன்னார்.

பேச்சுத் தெளிந்ததும் அம்மா முதலில் கேட்டது ராணி அக்காவைத்தான். அக்கா பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. "அவளக் கூட்டியா. பாவம், சோறு தின்னாம கெடப்பா" என்றாள். அக்கா வந்து கட்டிலின் கால்பக்கம் நின்று அழுதாள். அம்மா அவளை அருகே கூப்பிட்டு, நீ வாங்கிக்கொடுத்தாய், நான்தானே முழுங்கினேன், வாயைத் திறந்து போட்டாயா என்று அதட்டினாள். பிறகு, வேலை செய்கிற வீடுகளில் தனக்குப் பதிலாக யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று விசாரித்தாள். ராணி அக்காதான் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்ததும் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கையைப் பற்றிக் கேட்டதை நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. அவளுக்கு அது ஞாபகமே இல்லை. "நானா கேட்டேன்? எங்கைய நானே யாரு கைன்னு கேட்டனா?" என்று அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருப்பியது வலது கை. இடது கை இன்னும் சொன்னதைக் கேட்கவில்லை.

ஒரு காலை நேரம், நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். பாப்பா, இங்கே பார் என்றாள். போர்வை மேல் கிடந்த இடது கையின் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு பக்கத்து விரல். ஒவ்வொன்றும் தனித்தனியாக யோசித்து யோசித்து மடங்கி, கடைசியில் கை ஒரு குட்டி மூட்டையைப் போல மூடிக்கொண்டது.

"எங்கைதாண்டி. சொன்ன பேச்சு கேக்குது பாரு. உன்ன மாரி இல்ல."

நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கீழே, தரையில், மாமா. யார் யாரை எங்கே உட்காரச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இந்தச் சித்திரை

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளெல்லாம் முடிந்துவிட்டன. அம்மா இப்போது முருங்கைக்கீரை இரண்டு கையாலும் ஆய்கிறாள். இடது கை கொஞ்சம் மெதுவாக வரும். வலது கை அதற்காகக் காத்திருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். பிறர் வீட்டுத் தண்ணீரை விரதத்தில் குடிக்காதவள், தன் வீட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாள். அந்தத் தேதி மாத்திரையை இனி தொடவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. வேண்டியவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்று அம்மா குழாயடியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ராணி அக்கா இன்னும் சத்தமாகச் சொல்கிறாள். படிக்கிற உங்களுக்கு நான் இங்கே சொல்லிவிட்டேன்.

பாக்கி இருந்த இரண்டில் ஒன்றை இந்தச் சித்திரையில் முடித்துவிடலாம் என்று அம்மா இருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மிதிப்பதென்றால் மிதிக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். காப்புக் கட்டினாள். தீமிதி அன்று காலையில், ஊரில் இருக்கும் மாமா வீட்டில், தீப்பெட்டியை எடுத்து அப்பா பக்கம் தள்ளிவைத்தாள்.

அப்பா தீப்பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எடுத்து விளக்கை ஏற்றினார்.

சாயங்காலம் கோயிலுக்கு வெளியே ரோட்டோரப் புளியமரத்தடியில் அம்மா உட்கார்ந்துகொண்டாள். நானும் ராணி அக்காவும் இன்னும் சில பெண்களும் கூட இருந்தோம். குண்டத்தின் வெக்கை அங்கே வரைக்கும் வந்தது. மாமா மைக்கைப் பிடித்துத் தீ மிதிப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று அவள் பெயரை மட்டும் இரண்டு முறை கூப்பிட்டார். நெய்வேலி ஏழுமலை சம்சாரம் அஞ்சலை அவர்கள் எங்கிருந்தாலும் குண்டத்துக்கு வரவும்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எங்கப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமாவிடம் போவது தெரிந்தது. காதோடு சொல்லத்தான் போயிருப்பார். சத்தத்தில் மாமாவுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது. மைக் அணைக்கப்படவும் இல்லை. ஊரில் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஒவ்வொன்றிலும் அப்பாவின் குரல் வந்தது.

"அவளுக்கு இன்னிக்குத் தேதிடா. வர மாட்டா."

பம்பை, உடுக்கைச் சத்தம்கூட ஒரு கணம் நின்றது. மைக்கில் மாமா இருமினார். புளியமரத்தடியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் ராணி அக்காவின் தோள் குலுங்கியது. பிறகு எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆத்தாளும் பொம்பளதான. காத்துகினு இருப்பா" என்றாள்.

பிறகு பக்கத்தில் இருந்த சொம்பை இடது கையால் எடுத்தாள். அது கொஞ்சம் நடுங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் முழுச் சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.